அக்னெஸின் மறதி

கறிவேப்பிலைக் கன்றைச் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். பகலில் நல்ல வெயில்தானே என்று பல்கனியில் விட்டுவைத்தால், ஒரு குளிரிலேயே இலையெல்லாம் கொட்டிவிடும். புதினா தாங்கும். பேசில் என்கிற அந்த இத்தாலியத் துளசி தாங்காது. இதெல்லாம் என் மனைவி அக்னெஸ் சொல்லி எனக்குத் தெரிந்தவை. நான் செடி வளர்க்கிற ஆள் இல்லை.

இந்த அம்மா பிரெஞ்சில் கேட்பதை நீங்கள் தமிழில் சொல்கிறீர்கள், தங்கச்சி. நான் சொல்வதையும் கூட்டாமல் குறைக்காமல் அவருக்குச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் சமூக சேவகர் கேட்டால் பதில் சொல்லத்தான் வேண்டும் என்று மகள் சொன்னாள். எனக்கும் களைத்துப்போய்விட்டது. சொல்லி முடித்தால் கொஞ்சம் கண்ணயரலாம்.

என் பெயர் பத்திநாதர். டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களைத் துப்புரவு செய்கிற வேலை பார்த்தேன். இரவு வேலை. அக்னெஸ் பகலில் தையல் தொழிற்சாலைக்குப் போவாள். அவள் வரும்போது நான் சப்பாத்து மாட்டிக்கொண்டிருப்பேன். வாசலில் இரண்டு வார்த்தை கதைப்போம், சாப்பாடு எங்கே இருக்கிறது என்று சொல்லுவாள், அவ்வளவுதான். எங்கள் கலியாண வாழ்க்கையில் பெரும்பகுதி அந்த வாசலிலேயே போனது. வேலையிலிருந்து ஓய்வெடுத்த பிறகாவது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே வீட்டில் இருப்போம் என்று நினைத்தேன். அது பெரிய ஆசை இல்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் ஓய்வெடுத்தபோது, எனக்கு முன்பே வேலையை விட்டிருந்த அக்னெஸ் வெளியே போகத் தொடங்கியிருந்தாள். கீழ்த்தெருவில் இருக்கிற சிவமலர் அவளைச் சமூக நிலையத்துக்குக் கம்பளிப் பின்னல் பழகக் கூட்டிக்கொண்டு போனாள். கோடை முடிவதற்குள் அக்னெஸின் கை மற்ற எல்லோருடைய கையையும் விடத் திருந்திவிட்டது. குளிர் தொடங்க, பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லித்தர வரச்சொல்லிக் கேட்டார்களாம். சமையலறை யன்னலில் பேசில் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, என்னை ரீச்சரா வரட்டாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நல்ல விசயம் என்றேன்.

முதல் தடவை நடந்தது தற்செயல். நீலச் சால்வை ஒன்று பின்னிக்கொண்டிருந்தாள். அதைக் கதிரையில் வைத்துவிட்டுப் போயிருந்தாள், நான் பார்க்காமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஊசி உருவி, கண்ணிகள் கழன்றுவிட்டன. பயத்தில் கழன்ற வரிசைகளை இழுத்து அவிழ்த்து, தெரிந்த மட்டில் ஊசியில் கோர்த்து வைத்தேன். அவள் வந்து எடுத்துப் பார்த்தாள்.

"நான் இதைவிடக் கூடப் பின்னியிருந்தனானே?"

நான் பேப்பரை எடுத்து விரித்தேன். அவளே தொடர்ந்தாள். "இல்லை, இவ்வளவுதான் போலை. எனக்கு வரவர ஒண்டும் ஞாபகமில்லை."

விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று அன்றைக்கு அவள் பின்னல் வகுப்புக்குப் போகவில்லை. எனக்கு எதிரே இருந்து பின்னினாள். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். மேப்பிள் மரம் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கேட்டதெல்லாம் இந்த ஒரு பின்னேரம்தான்.

பிறகு, அவள் பூசைக்குப் போகும்போதோ குளிக்கும்போதோ கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்த்தேன். அவிழ்த்த கம்பளி சுருண்டு நிற்கும், அது காட்டிக்கொடுத்துவிடும். தண்ணீர் கொதிக்கிற கேத்திலின் ஆவியில் பிடித்தால் நேராகிவிடும். கண்ணிகளை முறுக்காமல் ஊசியில் ஏற்றுவது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். இந்த வயதில் ஒரு கைவேலை பழகியது எனக்கே ஆச்சரியம்.

அது போதவில்லை. செடிகளிலும் கை வைத்தேன். அவள் தண்ணீர் விட்ட பிறகு நானும் விட்டேன். பேசில் வேரழுகிப் படுத்தது. அவள் வீட்டுக்குள் எடுத்து வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்றை, பனி கொட்டும் என்று ரேடியோவில் சொன்ன அன்றைக்கு மறுபடி பல்கனியில் வைத்தேன். காலையில் அவள் அதன் முன்னால் குந்தியிருந்து அழுதாள். "உள்ளுக்கை எடுத்து வைச்ச மாதிரி இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் தோளைத் தொட்டு எழுப்பினேன். எங்கள் இருவருக்கும் வயது போகிறது, அதற்கு ஏன் அழுகிறாய் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் அஜந்தா தன் வீடு இருக்கிற புரோசார்ட்டிலிருந்து வந்து தாயை டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். ஞாபகத்தைச் சோதிக்க, மணிக்கூடு ஒன்றைத் தாளில் கீறச் சொன்னார்கள். பயத்தில் அவள் பல நாளாக நித்திரை கொள்ளவில்லை. முள்ளைப் பிழையான இடத்தில் வைத்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. அவளுக்கு மறதி என்று மகளிடம் நான் சொன்னது முழுப் பொய் இல்லை என்று பட்டது. பொறுத்துப் பார்ப்போம் என்றார் டொக்டர். நித்திரைக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்.

அக்னெஸ் பிள்ளைகளின் வகுப்பு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள். பிறகு அடுப்பு மூட்டுவதை விட்டாள். பிறகு எதைச் செய்வதற்கும் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் சமைத்தேன், உடுப்புத் தோய்த்தேன். மாதா கோயிலில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

சிவமலர் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். சால்வையை விரித்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு பையிலிருந்து மெல்லிய சிவப்பு நூல் எடுத்து, ஊசியில் இருந்த கண்ணிகளுக்குள்ளால் கோர்த்துவிட்டாள்.

"அக்கா, இனி எது அவிண்டாலும் இந்த நூல் மட்டிலை நிக்கும். இதுக்குக் கீழை அவிழாது." என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, "வாறன் அண்ணை" என்று போனாள்.

அடுத்த நாளும் அவிழ்த்தேன். அந்தச் சிவப்பு நூலில் வந்து நின்றது. நானும் நின்றேன். நிறுத்தியிருக்கலாம். நூலை உருவியெடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் கீழே அவிழ்த்தேன்.

"சிவமலர் ஒரு சிவப்பு நூல் போட்டவள் எல்லே?" என்று அக்னெஸ் கேட்டாள்.

"சிவமலரோ? அவள் இஞ்சை வந்து கனநாளாச்சே."

என்னைப் பார்த்தாள். பிறகு சால்வையைப் பார்த்தாள். "அப்ப கனவாக்கும்" என்று சொல்லி, சால்வையை ஊசியோடு சுருட்டி அலுமாரிக்குள் வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் பின்னவில்லை. எனக்கும் அவிழ்க்கிற வேலை இல்லாமல் போனது.

இந்த அம்மா குளிசை விசயத்தையும் கேட்கிறார். ஒருநாள் காலையில், "நான் குளிசை போட்டனானோ?" என்றாள். அது படுக்கும்போது போடுகிற குளிசை. முதல் நாள் இரவு நான்தான் கையில் கொடுத்து, அவள் விழுங்கியதையும் பார்த்திருந்தேன். இல்லை, மறந்துவிட்டாய் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இல்லை என்று சொல்வது அதற்குள் எனக்குப் பழகிப்போயிருந்தது. பிறகு கேட்ட நாட்களிலும் அப்படியே சொன்னேன். அவளும் இன்னொன்று போட்டுக்கொண்டு கதிரையிலேயே தூங்கிப்போவாள். நான் பக்கத்தில் இருப்பேன். வீடு அமைதியாக இருக்கும்.

படியில் விழுந்த அன்றைக்கும் அவள் காலையில் இன்னொரு குளிசை போட்டிருந்தாள். நான் சமையலறையில் இருந்தேன். கதவு திறக்கிற சத்தம் கேட்டு யன்னலுக்கு வந்தேன். வெளிப்படிக்கட்டின் மேலே, வீட்டுச் செருப்போடு, கோட் இல்லாமல் நின்றாள். சிவமலரிடம் போய் ஒன்று கேட்க வேண்டும் என்று விடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்த கை தளர்ந்திருந்தது. படியெல்லாம் ஈர இலை. நான் கூப்பிட்டிருந்தால் நின்றிருப்பாள், அது எனக்குத் தெரியும். கூப்பிடாமலே திரும்பி வருகிறாளா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.

இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். இரத்தத்தில் மருந்து கூட இருக்கிறது என்றார்கள். சிவமலர் வந்து சிவப்பு நூலைப் பற்றி அஜந்தாவிடம் சொல்லியிருக்கிறாள். மகள் கேட்டாள், இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே அவளிடமும் சொன்னேன். அவள் எழும்பிப் போய் எல்லாவற்றையும் தாயிடம் சொன்னாள். நான் ஆஸ்பத்திரி அறை வாசலில் நின்று கேட்டேன்.

அக்னெஸ் கண்ணைத் திறக்காமல் சொன்னாள். "அப்பாவை ஏசாதை, பிள்ளை. நான் வெக்கப்படக்கூடாது எண்டு அந்தாள் எல்லாத்தையும் தன்ரை தலையிலை போடுது. எனக்குத்தான் ஒண்டும் ஞாபகமில்லை."

அஜந்தா அழுதாள். நான் அழவில்லை. இத்தனை வருசத்தில் அக்னெஸ் எனக்காகக் கதைத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவளைப் புரோசார்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகவும், நான் அவளைப் பார்க்க வரக்கூடாது என்றும் மகள் சொல்கிறாள். அது சரிவராது என்று இந்த அம்மாவிடம் விளங்கப்படுத்துங்கள், தங்கச்சி. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள். பகலில் யார் பக்கத்தில் இருப்பது? அவளுக்கு மறதி முற்றிவிட்டது, பக்கத்தில் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிற ஆள் ஒருவர் வேண்டும்.