கொண்டை பார்த்துச் சொல்கிறவள்

“கொண்டை செவந்துட்டா சேவல்தான், இதுல இன்னா சந்தேகம்? பிரசவம் ஆனதும் அறுத்துக் கறியாக்கிக் குடுங்க.”

ஆம்பூரில் நான் ஏறிய பெண்கள் பெட்டியில் ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் மடியிலிருந்த கூடையில், வெள்ளைக்காரத் துரை வீட்டுச் சீமைச் சேவலுக்கும் நாட்டுக் கோழிக்கும் பிறந்த இளங்குஞ்சுகள் இரண்டு. பக்கத்தில், அவள் காட்பாடிவரை வழியனுப்ப வந்திருந்த நிறைமாத மருமகள், பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். அழைத்துப்போக வந்த தாய் எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

“தீவாளி விருந்துக்கும் இப்படித்தான் கொண்டையைப் பாத்து ரெண்டை அறுத்தீங்க, சம்பந்தி. வயித்துல பாத்தா கொத்துக் கொத்தா முட்டைக்கரு.”

“நாட்டுக் கோழியில பொட்டைக்கு இவ்ளோ கொண்டை வராது. கலப்புல வரும்னு எவ கண்டா?”

“முட்டை வெக்கப்போற பொட்டைங்க. பாழாப்போச்சு.”

“கோழி கெடக்குது. வயித்தைப் பாத்து புள்ளையைச் சொல்றதுல நான் தப்பினதே இல்ல. இது பொண்ணுதான். பொண்ணு பொறந்தா இவளை அங்கியே வெச்சிக்குங்க. எம்புள்ளைக்கு வேற எடம் பாத்துக்கறேன்.”

மருமகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வண்டி குடியாத்தம் தாண்டியது. காட்பாடியில் வண்டி நின்றதும் தாய் மகளைக் கைப்பிடித்து எழுப்பினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

“அறுத்துப் பாத்து தெரிஞ்சிக்க எம்பொண்ணு கோழி இல்ல சம்பந்தி. மாசம் ஆனதும் ரெண்டு பேரையும் நானே இட்டாந்து, கொழந்தையை உங்க மடியில வெக்கிறேன். துணியை வெலக்கிப் பாத்து இன்னா கொழந்தைனு சொல்லுங்க. அப்பவாச்சும் சரியா சொல்றீங்களானு பாப்போம்.”