ஒரு முழம் தூரத்தில் குழி

கொட்டாஞ்சேனை பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருவர். ஜன்னலோரம் இருந்தவர் கோல்ப் மைதானத்தில் பை தூக்குகிறவர். மடியில் புதுச் சுடுதண்ணிப் போத்தல்.

"இண்டைக்கு டொக்டர் சேருக்கு நாளே சரியில்ல, மச்சான். ஒரு முழம் தூரத்தில குழி. நாலுதரம் தட்டியும் பந்து விழேல்ல. கை அப்பிடி நடுங்குது."

"எந்த டொக்டர்?"

"சேர்ஜன். நாளைக்கு என்ட மனிசிக்கு ஒப்பரேசன் செய்யப்போறவர்."

மற்றவர் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"ஐயோ! நீ ஒண்டும் கேக்கேல்லையா?"

"கேட்டனான். பயப்படாத, இங்க எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள், அதான் நடுங்குது எண்டார்."

"அங்க?"

"அங்க அவ மயக்கத்திலதானே இருப்பா எண்டார்."