நாப்பத்தெட்டு நிமிஷம்

நேவியோ: என்னண்ணே சொல்றாரு?

இலாரியோ: யாரு?

நேவியோ: டீம் கார்ல இருந்து மேனேஜர் ரெனாத்தோ. இப்பத் தாண்டுன பாலத்துகிட்ட காதப் பொத்திக்கிட்டுக் கேட்டியே...

இலாரியோ: ஒரு மண்ணும் கேக்கல. கர்ருங்குது. மழத்தண்ணி உள்ள எறங்கிருச்சு போல. உன் ரேடியோ?

நேவியோ: என்னோடதா?

இலாரியோ: டேய், உன்னோடது கேக்குதா?

நேவியோ: இல்ல. என்னோடதும் செத்துப்போச்சு.

இலாரியோ: நல்லதாப் போச்சு. அந்த ஆளு கத்துறதக் கேக்காம நிம்மதியா ஏறலாம். கியர எறக்கு, முட்டி தெறிச்சுரும்.

நேவியோ: இதான் கடைசி கியரு.

இலாரியோ: கடைசியா?

நேவியோ: கடைசி.

இலாரியோ: சரி. இல்லாததப் பத்திப் பேச வேணாம். என் சைக்கிளோட பின்சக்கரத்த மட்டும் பாரு. ரோட்டப் பாக்காத. மேல பாக்கவே பாக்காத.

நேவியோ: பாத்துட்டேன். அந்தக் கூட்டம் ரெண்டு வளைவு மேல போகுது.

இலாரியோ: போகட்டும். நாப்பது பேரு, எல்லாம் உன்ன மாதிரி தொடை பெருத்த பயலுக. மலைன்னா எல்லாரும் இப்படிப் பின்தங்கி ஒண்ணாத்தான் ஏறுவாங்க.

நேவியோ: அவங்களோட போனா எல்லை நேரத்துக்குள்ள போய்ச் சேந்துரலாம். நீ போயிருக்கணும்ணே.

இலாரியோ: அங்க எனக்குப் பேச்சுத்தொண இல்ல. மழக்கோட்டப் போடு, மேல பனி கொட்டுதாம்.

நேவியோ: கோட்டு... இல்ல.

இலாரியோ: என்னது?

நேவியோ: போந்தே தி லேன்யோவுலயே கார்ல குடுத்துட்டேன்.

இலாரியோ: குடுத்துட்டியா!

நேவியோ: வெயில் அடிச்சுதுல்ல. நூத்தம்பது கிராம் கொறையுமேன்னு...

இலாரியோ: கவியா மலைக்குக் கீழ நின்னுகிட்டு வெயில நம்புனியா? எங்க பெர்கமோ பக்கத்து ஆடுகூட நம்பாதுடா!

நேவியோ: எங்க ஊர்ல மலையே கெடையாதுண்ணே. இருக்கறதுலயே ஒசரம்னா ஆத்துப் பாலந்தான்.

இலாரியோ: தெரியுது, தெரியுது. நீ ஏறுற லட்சணத்துல தெரியுது.

நேவியோ: அண்ணே...

இலாரியோ: மூச்ச வீணாக்காத.

நேவியோ: நான் பந்தயத்த விட்டுட்டுப் பின்னால வர்ற வேன்ல ஏறிக்கறேன். நீ போ.

இலாரியோ: நாளன்னைக்குப் பந்தயம் எங்க முடியுது?

நேவியோ: கேட்டதக் கேட்டுக்கிட்டு...

இலாரியோ: எங்க முடியுது, சொல்லு.

நேவியோ: அத்ரியாவுல.

இலாரியோ: அது யாரு ஊரு?

நேவியோ: எங்க ஊரு.

இலாரியோ: உங்கப்பா என்ன பண்ணி வெச்சிருக்காரு?

நேவியோ: ரோட்ல என் பேர எழுதிருக்காரு. வெள்ளப் பெயிண்ட்ல. பந்தயம் முடியற கோட்டுக்கு முன்னாடி முந்நூறு மீட்டர்ல இருந்து.

இலாரியோ: எத்தன தடவ?

நேவியோ: அறுவது. எழுபது. ஒண்ணுல எழுத்து விட்டுப்போச்சாம்...

இலாரியோ: பாரு. முந்நூறு மீட்டர் நேர் ரோடு. மேடு இல்ல, வளைவு இல்ல. இந்த மூணு வாரத்துல உனக்குன்னே போட்ட ரோடு அது ஒண்ணுதான். இன்னைக்கு எல்லை நேரத்துக்குள்ள போய்ச் சேரலேன்னா நாளைக்கு உன்ன வீட்டுக்கு அனுப்பிருவாங்க. உன் பேர மிதிச்சுக்கிட்டு வேற எவனோ கையத் தூக்குவான். உங்கப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கை தட்டணும். வேணுமா?

நேவியோ: வேணாம்.

இலாரியோ: அப்ப மிதி.

ஒத்தாவியோ: தம்பிங்களா! உள்ள ஹீட்டர் போட்டிருக்கேன்!

இலாரியோ: வந்துட்டாருய்யா, தொடப்பக்கட்ட வேன்காரரு. பந்தயத்துல கடைசி ஆளு யாருன்னு இவரப் பாத்தாத்தான் தெரியும்.

ஒத்தாவியோ: முதுகுல இருக்கற நம்பரக் கழட்டிக் குடுத்தாப் போதும். சூடா டீ, கம்பளி, எல்லாம் ரெடி.

இலாரியோ: பத்து வருஷமா இதேதான் சொல்ற ஒத்தாவியோ. ஒரு தடவ ஏறிருக்கேனா?

ஒத்தாவியோ: ஏறுனியே! முந்தின வருஷம்! என் சீட்ல வாந்தி எடுத்தியே!

இலாரியோ: அது உன் டீயக் குடிச்சதால.

ஒத்தாவியோ: சின்னவன் ஒதடு நீலமா இருக்கேப்பா. உங்க கார் எங்க? உங்கள விட்டுட்டுப் போயிருச்சா?

இலாரியோ: முன்னாடி எங்க டீம் கேப்டன் இருக்காருல்ல. அவருக்கு சக்கரம் மாத்த ஆள் வேணாமா?

ஒத்தாவியோ: சரி. கதவு தொறந்துதான் இருக்கு. நான் எங்கயும் போகப் போறதில்ல.

இலாரியோ: அதாண்டா அந்த ஆள்கிட்ட எனக்குப் பயமே. பாக்காத, திரும்பாத, நேரா பாரு.

நேவியோ: அண்ணே, மறுபடியும் காதுல கைய வெச்ச.

இலாரியோ: அரிக்குது.

நேவியோ: ம்.

இலாரியோ: என்னடா ம்?

நேவியோ: ஒண்ணுமில்ல. அடுத்த வருஷத்துக்குக் கையெழுத்து போட்டாச்சா?

இலாரியோ: ஞாயித்துக்கெழம பேசலாம்னாரு ரெனாத்தோ.

நேவியோ: போட்டுருவாரா?

இலாரியோ: முப்பத்தஞ்சு வயசுல வேற எவன் கூப்புடுவான்? நாளைக்கும் மலதான். கேப்டன நான் கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போனா போட்டுருவாரு.

நேவியோ: நீயும் என்னோட எல்லைக்கு வெளிய போய்ச் சேந்தா, நாளைக்கு நீயே இல்லயே!

இலாரியோ: அட, கணக்கு நல்லா வருதே உனக்கு. இந்த மூளைய வெச்சுக்கிட்டா கோட்டக் கழட்டிக் குடுத்த?

நேவியோ: வெளையாடாதண்ணே.

இலாரியோ: வெளையாடல. இந்தா, மொதல் ஆளு பொர்மியோவுல முடிவுக் கோட்டத் தாண்டிட்டான். இதுல இருந்து நமக்கு எல்லை நாப்பத்தெட்டு நிமிஷம். வாட்ச அழுத்து.

நேவியோ: அழுத்திட்டேன்.

இலாரியோ: எப்ப? நான் இப்பத்தானே சொன்னேன்?

நேவியோ: நீ... சொன்ன ஒடனேதான். அதிருக்கட்டும், உனக்கு எப்படித் தெரியும்?

இலாரியோ: மோட்டார் பைக்ல ஒருத்தன் நேரம் எழுதுன பலகையோட வந்து காட்டுனான்.

நேவியோ: நான் பாக்கலையே.

இலாரியோ: கண்ண மூடிக்கிட்டுல்ல மிதிக்கற. எப்படிப் பாப்ப? மேல இன்னும் மூணர கிலோமீட்டர். பதினெட்டு நிமிஷத்துல ஏறிட்டோம்னா, எறங்க முப்பது இருக்கு. போதும்.

நேவியோ: போதுமா?

இலாரியோ: வழுக்கி விழாம இருந்தா போதும். கொகைப் பாத வருது, கண்ணாடியக் கழட்டு.

நேவியோ: அய்யோ... ஒண்ணுமே தெரியல.

இலாரியோ: சத்தத்த வெச்சு வா. நான் பேசிக்கிட்டே போறேன். இங்க உள்ள வந்துட்டா உலகத்துல ஒருத்தரும் நம்மளக் கூப்புட முடியாது. ரேடியோ அலையே வராது. கோயிலு மாதிரி இருக்கு பாரு.

நேவியோ: அண்ணே. ஒண்ணு சொல்லணும்.

இலாரியோ: சொல்லு.

நேவியோ: கீழ... அந்தப் பாலத்துகிட்ட...

இலாரியோ: குழி! குழி! எடது பக்கம் வா! வந்துட்டியா?

நேவியோ: வந்துட்டேன்.

இலாரியோ: கைப்பிடியக் கெட்டியாப் பிடி. வெளிச்சம் தெரியுது பாரு, அவ்ளோதான். ஆ... பனிடா சாமி. பாலத்துகிட்ட என்ன?

நேவியோ: ஒண்ணுமில்ல. அப்பறம் சொல்றேன்.

இலாரியோ: ரோட்டோரம் வேடிக்க பாக்கறவங்க யாராவது உன்ன முதுகுல தள்ளுனா வேணாங்காத. நீயாக் கேக்கவும் கேக்காத, தண்டன போட்டுருவாங்க. ஏங்க, தள்ளுங்க... சீச்சீ, நான் கேக்கல, நான் ஒண்ணுமே கேக்கல!

நேவியோ: தள்ளுறாங்கண்ணே!

இலாரியோ: நல்ல மனுஷங்க. நல்லாருக்கட்டும். இன்னும் ஐநூறு மீட்டர். எந்திரிச்சு நின்னு மிதி.

நேவியோ: கால் வரல.

இலாரியோ: நேவியோ! உங்கப்பா எத்தன தடவ எழுதுனாரு?

நேவியோ: அறுவது...

இலாரியோ: எண்ணிக்கிட்டே மிதி. ஒரு மிதிக்கு ஒரு பேரு.

நேவியோ: ஒண்ணு... ரெண்டு... மூணு...

இலாரியோ: அந்தம்மா! பேப்பரு! பேப்பரு குடுங்க! ரெண்டு குடுங்க! ஆங், புடிச்சுட்டேன்! வந்துட்டோம்டா, உச்சி! நிக்காத, மெதுவா உருட்டு. என் கோட்ட வாங்கிக்க.

நேவியோ: உனக்கு?

இலாரியோ: எனக்குப் பேப்பரு போதும். சட்டைக்குள்ள சொருகிட்டா காத்து நெஞ்சுல அடிக்காது. ஒரு மாமாங்கமா இப்படித்தான் எறங்கறேன். கையுறையும் போட்டுக்க.

நேவியோ: வேணாம்ணே, உன் கை...

இலாரியோ: வாதாடறதுக்கு நேரமில்ல. எத்தன நிமிஷம் ஆச்சு?

நேவியோ: பத்தொம்பது.

இலாரியோ: ஒரு நிமிஷம் கடன். வா. வளைவுக்கு முன்னாடியே பிரேக் புடி, வளைவுல புடிக்காத. ரோட்டு வெள்ளக் கோட்டு மேல சக்கரம் ஏத்தாத, வழுக்கிரும்.

நேவியோ: சரி.

இலாரியோ: வலது! கூர் வளைவு!

நேவியோ: சரி!

இலாரியோ: எடது! பனி குவிஞ்சு கெடக்கு, உள்பக்கம் போகாத!

நேவியோ: அண்ணே, பேப்பர்ல எந்தப் பக்கம் வந்துச்சு?

இலாரியோ: என்னது?

நேவியோ: எந்தப் பக்கம்! வெளையாட்டுச் செய்தியா?

இலாரியோ: மரண அறிவிப்பு! கதகதன்னு இருக்கு!

நேவியோ: ச்சே, வாயக் கழுவு! அண்ணே... அண்ணே, வளைவு! பிரேக்! பிரேக்குண்ணே!

இலாரியோ: ...

நேவியோ: அண்ணே!

இலாரியோ: நின்னுட்டேன். நின்னுட்டேன்டா. வேலிய ஒரசிட்டு நின்னுட்டேன்.

நேவியோ: ஏன் பிரேக் புடிக்கல?

இலாரியோ: புடிச்சேன்னுதான் நெனச்சேன். வெரலு இருக்கா இல்லையான்னே தெரியல.

நேவியோ: கையுறைய வாங்கிக்க.

இலாரியோ: உன் வெரலு மட்டும் என்ன கம்பியா...

நேவியோ: ஆளுக்கு ஒண்ணு. போடு! வலது கைக்குப் போடு. எடத நான் வெச்சுக்கறேன். இனிமே நான் முன்னாடி போறேன், நான் புடிக்கறப்ப நீ புடி.

இலாரியோ: நீயா? ஆத்துப் பாலத்துல எறங்கிப் பழகுனவனா?

நேவியோ: வாய மூடிட்டு வா. எடது!

இலாரியோ: எடது.

நேவியோ: வலது! தண்ணி ஓடுது! தூங்கிறாத. பேசு, ஏதாவது பேசு!

இலாரியோ: என்ன... பேச?

நேவியோ: ஒத்தாவியோ டீயப் பத்திப் பேசு!

இலாரியோ: கழுவுன... தண்ணி மாதிரி... இருக்கும்.

நேவியோ: அப்படித்தான். வீடு தெரியுது! சாந்தா கதெரீனா! எவ்ளோ இருக்கு பொர்மியோவுக்கு?

இலாரியோ: பன்னெண்டு கிலோமீட்டர். நேரம்?

நேவியோ: முப்பத்தாறு போயிருச்சு. பன்னெண்டு நிமிஷம் இருக்கு.

இலாரியோ: நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர்... ஆகாதுடா தம்பி.

நேவியோ: என்னண்ணே, காதுல...

இலாரியோ: அரிக்குதுன்னேன்ல!

நேவியோ: அரிக்கட்டும். வா!

இலாரியோ: ஏய்! ஏய், என்னடா திடீர்னு இந்த மிதி மிதிக்கற? மெல்ல! என்ன ஆச்சு உனக்கு?

நேவியோ: என் பின்னால ஒட்டு.

இலாரியோ: நீ பின்னால வா. காத்த நான் வாங்கிக்கறேன், அதான் என் வேல.

நேவியோ: மேடுதான் உன் வேல. இந்த ரோடு என் வேல. ஒட்டுடா!

இலாரியோ: டாவா?

நேவியோ: ஒட்டுண்ணே! என் சக்கரத்த விட்ட, கொன்னுருவேன்!

இலாரியோ: அறுபத்தஞ்சு போறடா... எழுபது போறடா, பைத்தியக்காரா!

நேவியோ: பின்னால இருக்கியா?

இலாரியோ: இருக்கேன்.

நேவியோ: இருக்கியா?

இலாரியோ: இருக்கேன்டா! எத்தன?

நேவியோ: நாலு நிமிஷம்! ரவுண்டானா, வலது பக்கம்!

இலாரியோ: என்ன விட்டுட்டுப் போ, நேவியோ. நீ மட்டும் போனா சேந்துருவ. நான் முடிஞ்சுட்டேன்.

நேவியோ: முடியாது.

இலாரியோ: போன்னு சொல்றேன்ல!

நேவியோ: அத இன்னைக்கு ஒருத்தரும் யாருகிட்டயும் சொல்லக் கூடாது! ஒரு நிமிஷம்! கோடு தெரியுது! எந்திரி, எந்திரி, எந்திரி!

இலாரியோ: ஆ...

நேவியோ: தள்ளு! சக்கரத்தக் கோட்டுக்குத் தள்ளிப் போடு!

இலாரியோ: தாண்டியாச்சு! எவ்ளோ? யாராவது சொல்லுங்கய்யா, எவ்ளோ?

நேவியோ: பதினோரு செகண்டுண்ணே! பதினோரு செகண்டு மிச்சம்! ரெண்டு பேரும் உள்ள!

இலாரியோ: உள்ளயா?

நேவியோ: உள்ள! அழுவாதண்ணே.

இலாரியோ: எவன் அழுவறான். பனி உருகுது. அந்தக் கம்பளிய இழுத்துப் போத்து. அத்ரியாவுல மட்டும் நீ ரெண்டாவதா வந்தேன்னு வெய்யி...

நேவியோ: வரமாட்டேன்.

இலாரியோ: சரி, இங்க பாரு. ரெனாத்தோ வர்றாரு. மூஞ்சியப் பாத்தியா, கறுத்துப்போயி. நீ பேசாத, நான் பாத்துக்கறேன். ரெண்டு ரேடியோவும் மழையில செத்துப்போச்சு. அவரு சொன்னது எதுவும் நம்ம காதுல விழல. அவ்ளோதான். புரியுதா?

நேவியோ: அண்ணே.

இலாரியோ: புரியுதான்னேன்.

நேவியோ: என்னோடது சாகலண்ணே. பாலத்துகிட்ட, "அவன விட்டுட்டு மேல வா இலாரியோ"ன்னாரே, அப்ப இருந்து ஏழு தடவையும் கேட்டுச்சு. சாந்தா கதெரீனாவுல, "ஞாயித்துக்கெழம என்கிட்டப் பேச வராத"ன்னாரே... அதுவும் கேட்டுச்சு. கேக்குதுன்னு கீழயே சொல்லிருந்தா, போண்ணேன்னு நானும் சொல்லித்தானே ஆகணும்... நீ நெசமாவே போயிருவியோன்னு பயந்துதான், செத்துப்போச்சுன்னேன்.