மயில்துத்தம் கரைத்த கேன்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்து. எனக்கு முன் சீட்டுக்காரர் மடியில் தண்ணீர் நிறைந்த ஐந்து லிட்டர் கேனை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். பழனிசெட்டிபட்டியில் ஏறியவர் அவரைத் தட்டி எழுப்பிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என்ன மாப்ள, கிணத்துத் தண்ணியைச் சோதிக்கக் கொண்டு போனியே, என்ன சொன்னாக?”

“தண்ணியைத் தொடவே இல்ல மச்சான். கேனைப் பாத்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாக.”

“கேனுக்கு என்ன?”

“திராட்சைக்கு அடிக்க மயில்துத்தம் கரைக்கிற கேனு. எத்தனை தடவ கழுவுனாலும் அடியில நீலம் போகல. துத்தத்துல உள்ள செம்பு கிணத்துக்கு எறங்கிருச்சான்னு பாக்கணும், நீங்க தண்ணியைத் துத்தக் கேன்லயே கொண்டாந்தா நாங்க என்னத்தைச் சோதிக்கன்னு கேட்டாக.”

“செம்பு மண்ணுலயே நின்னுக்கிரும்னு சொன்னாகளே?”

“மேல்மண்ணு புடிச்சு வைக்குமாம். வருசா வருசம் அடிச்சா அதுவும் எம்புட்டுத்தான் தாங்கும்? சரளை மண்ணுன்னா தண்ணியோட தண்ணியா கீழ போயிருமாம். நம்மது சரளைதான.”

சின்னமனூர் தாண்டியதும் இருவரும் சன்னல் வழியே திராட்சைப் பந்தல்களைப் பார்த்தபடி வந்தார்கள். மச்சான்காரர் திரும்பிக் கேட்டார்.

“கிறுக்கா ஒனக்கு? வீட்டுல குடிதண்ணி புடிக்கிற கேனைக் கொண்டு போயிருக்கலாம்ல?”

“அதைத்தான மச்சான் கொண்டு போனேன்.”