மாரித்தாய் கொடுத்த சிறுநீரகம்

என் வீட்டுக்காரருக்கு மாத்திரை கொடுக்க நான் ஒருவேளைகூட மறந்ததில்லை, மேடம். எங்கள் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவர் பெயர் சங்கரசுப்பு. சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனபோது முதலில் கொடுக்க வந்தது நான்தான். என் ரத்தம் சேராது என்று சொல்லிவிட்டார்கள். கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் அவருடைய அக்கா மாரித்தாயின் ரத்தம் சேர்ந்தது. அவள் ஒன்றைக் கொடுத்தாள். வாய் நிறைய மதினி என்றுதான் கூப்பிடுவேன். மனதுக்குள் வெறும் ‘அவள்’தான்.

வைத்த சிறுநீரகம் வலதுபக்க அடிவயிற்றில் இருக்கும். தொட்டால் கையில் தட்டுப்படும். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டுதான் தூங்கினார். முன்பெல்லாம் அந்தக் கை என்மேல் கிடக்கும். ஒருநாள் அதை எடுத்து என் பக்கம் போட்டேன். “அங்கன அக்கா இருக்கா, விடுட்டி” என்று திரும்பிப் படுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க மாட்டேன்.

அடுத்த வருஷம் அவர் முகத்தில் முள் முளைத்தது. மூக்கு, நெற்றி, காதுமடல் எங்கும் பொடிப் பருக்கள், அவற்றின் நடுவே வெள்ளை முள். தோல் தடித்துப் புருவம் கொட்டிப்போனது. மார்க்கெட்டில் அவர் கையால் பூ வாங்க யோசித்தார்கள். கடைக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டிலேயே இருந்தார். அந்த முகத்தைத் துடைத்துவிட என்னைத் தவிர ஆள் இல்லை. நான் சந்தோஷமாக இருந்தேன்.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோயில் புற்றுமண்தான். வாங்கி வந்து குழைத்துப் பூசினேன். மாரித்தாய் வந்ததும் வராததுமாக அதைக் கழுவிவிட்டாள். “ஆபரேஷன் பண்ணுன ஒடம்புல கண்ட மண்ணையும் பூசுதியே, புத்தி இருக்காட்டி ஒனக்கு?” என்றாள். சாமி மண்ணைக் கண்ட மண் என்றாள். பிறகு தன் முந்தானையால் அவர் முகத்தை ஒற்றி எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நான் துடைக்கும்போது அவர் சிரித்ததில்லை.

மதுரையில் டாக்டர் பொறுமையாக விளக்கினார். அபூர்வமான வைரஸாம். “உள்ள வச்ச சிறுநீரகத்த வேத்தாளுன்னு உடம்பு கண்டுபிடிச்சிரக் கூடாது. அதுக்குத்தான் இந்த மருந்து. எதிர்ப்புச் சக்திய இது அடக்கி வைக்கும். அந்தச் சமயம் பாத்து இந்த வைரஸ் தலை தூக்கிருது” என்றார். ஒரு மாத்திரையைக் குறைத்தார், களிம்பு எழுதினார். கேப்சூலை மட்டும் ஒருவேளைகூட விடக் கூடாது, விட்டால் சிறுநீரகம் போய்விடும் என்றார். மாரித்தாய் தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதைக் கவனமாகக் கேட்டது நான்தான்.

வீட்டுக்கு வந்து கேப்சூலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே துளி வெள்ளைத் தூள். அதைத் தட்டிவிட்டு, சலித்த புற்றுமண்ணை அடைத்து மூடினேன். விஷம் இல்லை, மேடம், பிரசாதம். காலையிலும் ராத்திரியிலும் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் கொடுத்தேன். உள்ளே இருப்பது வேற்றாள் என்று அவர் உடம்புக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் நினைத்தது.

முகம் தெளிந்தது. முள் உதிர்ந்தது, புருவம் முளைத்தது. கல்யாணத்தன்று பார்த்த அதே முகம். மாரித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒன்னைய என்னமோ நெனச்சேன் பேச்சி. எந்தம்பிய நீதாம்மா மீட்டுக் குடுத்திருக்க” என்றாள். அவர் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நான் வேட்டியை இழுத்து மூடிவிட்டேன். ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய தேதி வந்தது. “மொகந்தான் நல்லாயிட்டே, பொறவு போவோம்” என்றேன். அவர் சரி என்றார். ரொம்ப நாள் கழித்து என் பேச்சைக் கேட்டார்.

அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. அந்தச் சிறுநீரகம் மட்டும் போனால் போதும். பழையபடி டயாலிசிஸ் இருக்கிறதே. அப்போதெல்லாம் நானும் அவரும் மட்டும் பஸ்ஸில் போய்வருவோம். திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்குவார். அந்த நாட்கள் எனக்குத் திரும்ப வேண்டியிருந்தன.

அவருக்கு மூச்சுத் திணறவும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவரால் விழுங்க முடியவில்லை என்று, வீட்டிலிருந்து கொண்டுபோன கேப்சூலைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்க மாரித்தாய் பிரித்தாள். உள்ளங்கையில் மண் விழுந்தது. முகர்ந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “புத்துமண்ணுல்லாட்டி இது” என்றாள்.

அதற்குள் காலம் கடந்துவிட்டது. அன்றைக்கே போய்விட்டார். ஆமாம், நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள்.

ஒரே ஒரு குறைதான் எனக்கு. எரிப்பதற்கு முன்னால் அதை மட்டுமாவது வெளியே எடுத்துவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் கெஞ்சினேன். யாரும் காதில் வாங்கவில்லை. இத்தனை செய்தும், கடைசியில் அவரோடு சேர்ந்து எரிந்தது அவள்தான், மேடம்.