முதல் வருடத்து இலை

பியோனிப் பூவை மொட்டாக இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும், றொசானா. இரண்டு விரலால் மெதுவாக அமத்திப் பார்த்தால் பஞ்சுபோல உள்ளே போகவேண்டும், அதுதான் பதம். விரிந்த பிறகு வெட்டினால் கோயிலுக்குக் கொண்டுபோகுமுன்னே இதழெல்லாம் காரின் சீட்டில் கிடக்கும். இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை என்று நினைத்தால் விடுங்கள். ஆனால் முதலிலிருந்து சொல்லச் சொன்னது அந்தப் பொலிஸ் ஒபிசர்தான். எனக்கு எல்லாவற்றுக்கும் முதல் அந்தத் தோட்டம்.

லண்டன் நோர்பரியில் அந்த வீட்டுக்கு வந்தபோது பின்பக்கம் வெறும் புல்லும் ஒரு பழைய மெத்தையும்தான் கிடந்தன. கெயர் ஹோமில் ஷிப்ட் முடித்துவந்து நான் கொத்திய மண் அது. ஒவ்வொரு வருடமும் புதிதாக நடுகிற பூக்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. குளிருக்கு மண்ணுக்குள் போய், வெயில் வந்ததும் தானாக எழும்பிவருகிற செடிகள்தான் வேண்டும். ஜூன் தொடங்கினால் டெல்ஃபினியம் என் தோளுக்கு மேல் நீலமாக நிற்கும், அதற்குக் கீழே லூபின், வேலியோரம் ஐரிஸ். மாதா சுரூபத்துக்கு அந்த மாதம் முழுவதும் என் பூதான். பாதர் பூசையில் என் பெயர் சொல்லி நன்றி சொல்வார். மற்ற நாட்களில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. வீட்டில் என்னைக் கூப்பிடுவது ‘இஞ்சாரும்’ என்றுதான்.

என் கணவர் செபமாலைமுத்து கெட்ட மனிதர் அல்ல. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். ஒரு பூவின் பெயரைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை, அவ்வளவுதான். அவருடைய தங்கச்சி பெனிற்றா புருஷனை இழந்தபிறகு குட்மேய்ஸில் மகனோடு இருந்தாள். மருமகளோடு ஒத்துவரவில்லை என்று போன மாரிக் குளிரில் எங்களோடு வந்து சேர்ந்தாள். நல்ல பிள்ளை. ஆனால் பச்சையாக எதைக் கண்டாலும் அவளுக்குக் கீரை வறை நினைப்புத்தான். கடையில் கீரை வாங்கினால் காசைக் கொட்டுகிறோம் என்பாள். வேலியோரம் போரேஜ் என்று ஒரு செடி, ரோமம் படர்ந்த இலை. அதைத் தின்னலாம் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு அவள் வறுத்ததை இவர் இரண்டுதரம் கேட்டுச் சாப்பிட்டார்.

அதுதான் வினை. மே மாதம் ஒரு பகல் ஷிப்ட் முடித்துவருகிறேன், தோட்டத்தின் நடுவில் வெறும் மண். டெல்ஃபினியம், லூபின் எல்லாவற்றையும் மொட்டோடு, வேரோடு கிளப்பி, கவுன்சில் குப்பைத்தொட்டிக்குள் போட்டுத் தடியால் அமத்தியிருந்தார் இவர். பெனிற்றாவுக்குக் கீரைப் பாத்தியாம். 

“உம்மடை பூவைத் தின்னேலுமே?” என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

“ஏலாதுதான்” என்றேன்.

நான் அழவில்லை, சண்டை போடவுமில்லை. மாதாவுக்கு அந்தக் கிழமை கடையில் வாங்கின கார்னேஷன் வைத்தேன். பூசையில் என் பெயர் வரவில்லை.

இனி அந்த இலையின் கதை. ஃபொக்ஸ்குளோவ் என்று ஒரு செடி. நீங்கள் பார்த்திருப்பீர்கள், மணிமணியாக ஊதாப்பூ, உள்ளே புள்ளி. அது விஷம், இருதயத்தைப் பிடிக்கும். பூத்து நின்றால் பெனிற்றா அதைத் தொடமாட்டாள். நான் முதலிலேயே காட்டிச் சொல்லியிருந்தேன். ஆனால் அது முளைத்த முதல் வருடம் பூக்காது. நிலத்தோடு நிலமாக இலை மட்டும்தான், அதிலும் ரோமம் படர்ந்திருக்கும். விதை தானாக விழுந்து போரேஜுக்குப் பக்கத்தில் நிறைய முளைத்திருந்தது. பிடுங்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன்.

முந்தி உங்களிடம் நான் அன்று குசினியில் இருக்கவில்லை என்று சொன்னேன். அது சரியில்லை. பெனிற்றா சட்டி நிறைய இலையோடு வந்தாள்.

“இதுவும் அந்த இலைதானே மச்சாள்?” என்று என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

நான் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். “ஓம்” என்றேன்.

தேங்காய் துருவிக்கொடுத்தேன். பெனிற்றாவுக்கு வயிற்றை ஒருக்கால் புரட்டினால், இனிமேல் என் தோட்டத்தில் கை வைக்கமாட்டாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் ஆம்பிளை சாப்பிட்டு எழும்பின பிறகுதான் பெண்கள் நாங்கள் சாப்பாட்டுக் கோப்பையைத் தொடுவோம். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அப்படித்தான், லண்டனுக்கு வந்தும் மாறவில்லை. அன்று அந்த நேரம் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள்.

சோறு போட்டது நான். மீன்குழம்பு விட்டு, பக்கத்தில் வறையை வைத்தேன். ஒரு வாய் வைத்துவிட்டு, “கைக்குது” என்றார். தேசிக்காய்ப் புளி விட்டுப் பிசைந்துகொடுத்தேன். கைப்பு உடம்புக்கு நல்லது, சீனி வருத்தத்துக்கும் நல்லது என்றேன். முழுவதையும் சாப்பிட்டார். அவர் சாப்பாட்டை மிச்சம் வைக்கிற ஆள் இல்லை.

பின்னேரம் ஓங்காளித்துச் சத்தி எடுக்கத் தொடங்கினார். லைட்டெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். பெனிற்றா பதறிப்போய்த்தான் அம்புலன்சுக்கு அடித்து, போனை என் கையில் தந்தாள். வந்தவர்கள் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார்கள். பெனிற்றாவுக்கு இங்கிலீசு வராது, ஆகையால் எனக்குத் தெரிந்த கெயர் ஹோம் இங்கிலீசில் நான்தான் பதில் சொன்னேன். சோறும் மீன்குழம்பும் என்றேன். அதில் பொய் இல்லை. இலையைச் சொல்லியிருந்தால் அதற்கு மருந்து இருந்தது என்று பிறகு டொக்டர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் செத்து, இரத்தத்தில் விஷத்தைக் கண்டுபிடித்த பிறகு, நீங்கள் எல்லாரும் வந்து தோட்டத்தைப் பார்த்து, இது தெரியாமல் நடந்த பிழை என்று பெனிற்றாவுக்குச் சொன்னீர்கள். அதோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் அவள் சாப்பிடுவதில்லை, றொசானா. குசினி நிலத்தில் இருந்துகொண்டு இரண்டு கையையும் பார்த்தபடி, “என்ரை கையாலை அண்ணையைக் கொன்றுபோட்டன்” என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். நான் பால் காய்ச்சிக் கொடுத்தால், “நீங்கள் தெய்வம் மச்சாள்” என்று என் காலைப் பிடிக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரவு படுத்தாலும் அந்தப் பிடி காலில் இருக்கிறது. கையில் செபமாலையை எடுத்தால் முதல் மணிக்கு மேல் போக முடியவில்லை. அவளுக்கு இழைத்தது பாவம், அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அதற்காகத்தான் வந்தேன். அவரைக் கொல்ல நான் நினைத்ததில்லை. பெனிற்றாவுக்குத்தான் ஒரு பாடம் படிப்பிக்க நினைத்தேன்.

ஒபிசர் என்ன கேட்கிறார்? அப்படியென்றால் பெனிற்றாவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்றா?

அவள் சாப்பிடவில்லை. அவர் கை கழுவப் போனதும், அவள் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டு வறைச் சட்டிக்குக் கையை நீட்டினாள். நான் சட்டியை எடுத்து மிச்சத்தைக் குப்பையில் தட்டிவிட்டு, “அது கைக்குதாம், விடு பிள்ளை, உனக்கு ஒரு முட்டை பொரிச்சுத் தாறன்” என்றேன்.