அப்பா தடுக்க மறந்த தாலாட்டு

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே! சபைக்குச் சான்றாக வீற்றிருக்கும் மூத்தோர்களே! ஆரியசாலை அங்காடியின் அருமைப் பெருமக்களே! கரமனையிலிருந்தும் கோட்டைக்குள்ளிருந்தும் அடுப்பு வேலையை அரைகுறையாய் விட்டுவிட்டு ஆவலோடு வந்திருக்கும் அன்னையர்களே! அவர்கள் மடியில் அமர்ந்து, 'இவள் எப்போது முடிப்பாள்?' என்று என்னையே முறைத்துக்கொண்டிருக்கும் மழலைச் செல்வங்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்களே என்று அழைத்தேன். வீட்டில் அவரை அப்பா என்று அழைப்பேன். அரசாங்கத் தலைமை அலுவலகமான ஹஜூர் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற நாகேஸ்வரய்யரின் மகள் ஜெயலக்ஷ்மி நான். இந்த மலையாள நாட்டு நகரத்தில் பெண் பள்ளி ஒன்றில் மலையாளப் பாடம் நடத்துகிறேன். என்ன ஐயா? தமிழ்ச் சபையில் மலையாள வாத்தியாரம்மாவுக்கு என்ன வேலை என்றா கேட்கிறீர்கள்? நல்ல கேள்வி! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் மேடை ஏறியிருக்கிறேன். சற்றே பொறுங்கள்.

இன்று இச்சபையின் முன் ஒரு தீர்மானம் இருக்கிறது. கொண்டுவந்தவர் நம் மதிப்பிற்குரிய கொப்பரை வியாபாரி சிவதாணு அவர்கள். 'நம் வீட்டுக் குழந்தைகளிடம் பள்ளி சேரும் வரை மலையாளம் மட்டுமே பேச வேண்டும். இரண்டு பாஷை பிஞ்சு மூளையைக் குழப்பும்' என்கிறது தீர்மானம். அதைக் கேட்டுச் சினந்த வாலிபர்கள் சிலர், 'அப்படியானால் தமிழ் மட்டுமே பேச வேண்டும்' என்று எதிர்த் தீர்மானம் எழுதி வைத்திருக்கிறார்கள். நான் இரண்டையும் எதிர்க்கிறேன்! கை தட்டாதீர்கள், வாலிபர்களே, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சிவதாணு அவர்களின் மனம் எனக்குத் தெரியும். அவருடைய மகளுக்கு இரண்டரை வயது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. அதோ, தாயின் தோளில் சாய்ந்திருக்கிறாள். நாளை முதல் அந்தத் தாய் தன் மகளிடம் தமிழில் பேசக் கூடாது என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது. அந்தத் தாய்க்கோ மலையாளம் வராது. ஆகவே நாம் இன்று கை தூக்குவது ஒரு காகிதத்துக்காக அன்று. ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் கதவு திறந்திருக்குமா, மூடியிருக்குமா என்பதற்காக.

அந்தக் கதவு எங்கள் வீட்டில் ஒருமுறை மூடப்பட்டது. தலைவரின் அனுமதியோடுதான் சொல்கிறேன். "ஒண்ணையும் மறைக்காதேடி, முழுக்கச் சொல்லு" என்று காலையில் காப்பி குடிக்கும்போதே சொல்லிவிட்டார்.

நானும் பேசாத குழந்தைதான். ஆம், தாய்மார்களே, நான்தான்! சிரிக்கிறீர்கள். இன்று என்னை நிறுத்தத்தான் தலைவர் கையில் மணி கொடுத்திருக்கிறார்கள். அன்று என்னைப் பேசவைக்க வேண்டாத தெய்வம் இல்லை. நான் மழலை பேசத் தொடங்கிய நாளிலேயே கச்சேரி நண்பர் ஒருவர், "ரெண்டு பாஷை சேர்ந்தா நாக்கு பிணைஞ்சு போகும் சாமி" என்று சொல்ல, அப்பா அதை நம்பினார். பள்ளியில் மலையாளம், கச்சேரியில் மலையாளம், வீதியில் மலையாளம். எனவே வீட்டிலும் அதுவே ஆகட்டும் என்று உத்தரவு போட்டார். பாசத்தால்தான் போட்டார். ஆனால் கும்பகோணத்திலிருந்து மணமாகி வந்த என் அம்மா பாகீரதிக்கு மலையாளத்தில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

எண்ணிப் பாருங்கள்! பெற்ற மகளுக்கு முன்னால் பேச்சற்றுப் போன ஒரு தாயை எண்ணிப் பாருங்கள்! நான் தமிழில் வாய் திறந்தால் அப்பா விரலைத் தூக்கி என் உதட்டில் வைப்பார். மலையாளத்தில் வாய் திறந்தால் அம்மா பதில் தெரியாமல் கண் கலங்குவாள். குழந்தை என்ன செய்யும்? இருவர் மனமும் நோகாத ஒரே பாஷையை நான் பேசினேன். அதற்குப் பெயர் மௌனம். ஊரார் அதற்கு ஊமை என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் அப்பாவின் உத்தரவில் ஓர் ஓட்டை இருந்தது. பேச்சைத் தடுத்தவர் தாலாட்டைத் தடுக்க மறந்துவிட்டார்! விடுவாளா என் அம்மா? பகலெல்லாம் பேச முடியாததைத் தூளியை ஆட்டும் நேரத்தில் ராகம் போட்டுப் பாடித் தீர்த்தாள். "ரசத்துக்குப் புளியில்லே, ஆராரோ... அப்பாக்கு மூக்குமேலே கோவம், ஆரிரரோ..." என்று பாடுவாள். கூடத்தில் அப்பா அதைக் கேட்டபடி பத்திரிகை படித்துக்கொண்டிருப்பார். பாட்டென்றே நினைத்தார், பாவம். பாருங்கள், தலைவர் சிரிக்கிறார்! பகலில் பக்கத்து வீட்டுச் சரசம்மா என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "மோளே, இது காக்க, இது பூச்ச" என்று காக்கையையும் பூனையையும் காட்டி மலையாளத்தைக் காதில் ஊற்றினாள். இரண்டும் உள்ளே இறங்கின. இரண்டும் உள்ளே வளர்ந்தன. வெளியே வர வழிதான் இல்லை.

நவராத்திரி வந்தது. வேளிமலைக் கோயில் குமாரசாமி ஊர்வலமாக ஆரியசாலைக்கு எழுந்தருளும் நாள். இதே வீதியில் எள் போட்டால் எள் விழாத கூட்டம்! அந்தக் கூட்டத்தில் அம்மாவின் கையிலிருந்து நான் நழுவிப் போனேன்.

பேசத் தெரியாத குழந்தை! பெயர் கேட்டால் சொல்லாது, வீடு கேட்டால் சொல்லாது, அழைத்தால் குரல் கொடுக்காது. பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? அப்பா கடை கடையாக ஏறி இறங்கி, "ஒரு ஊமைக்குட்டியைக் கண்டோ? ஊமைக்குட்டியைக் கண்டோ?" என்று கேட்டுக்கொண்டே ஓடினார். கருப்புக்கட்டிக் கடை வேலாயுதன் என்ன சொன்னார் தெரியுமா? "ஊமை ஒண்ணும் இங்க வரல்லே சாமி. இங்க ஒரு வாயாடிக் குட்டிதான் இருக்கு. வந்த நேரம் தொட்டு மலையாளத்திலே ஓயாம வர்த்தமானம் பறயுது!"

அப்பா என்ன செய்தார்? நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்!

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் சிரித்து முடித்ததும் சிந்தியுங்கள். அந்தக் கடையிலேயே கருப்புக்கட்டிச் சாக்குக்குப் பின்னால் அவர் மகள் உட்கார்ந்திருக்கிறாள். அவரோ தம் வீட்டு மௌனத்தைத் தேடிக்கொண்டு அவளைக் கடந்து போகிறார். தடுக்கும் விரல் இல்லாத இடத்தில், கலங்கும் கண் இல்லாத இடத்தில், என் நாக்கு தானே அவிழ்ந்துவிட்டது. அது அவருக்கு எப்படித் தெரியும்?

அப்போது எழுந்தது ஒரு குரல். உத்தரவையெல்லாம் உதறி எறிந்த குரல்! நாதஸ்வரத்தையும் மேளத்தையும் மீறிய குரல்! "ஜெயா! எங்கேடி இருக்கே? அம்மா வந்திருக்கேண்டி கண்ணே!" அன்று ஆரியசாலை முழுக்கக் கேட்டது என் அம்மாவின் தமிழ்!

சாக்குக்குப் பின்னாலிருந்து நான் கத்தினேன்: "அம்மா, இங்கே இருக்கேன்! இந்த மாமா கருப்புக்கட்டி கொடுத்தா!" உடனே வேலாயுதன் பக்கம் திரும்பி, "மாமா, என்டெ அம்ம வந்நு!" என்றேன். ஒரே மூச்சு, இரண்டு பாஷை. ஒன்றோடொன்று பிணையவும் இல்லை, பிசகவும் இல்லை. யாரிடம் எது பேச வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. குழந்தைக்கு அது தெரியும், ஐயா! குழந்தைக்குத் தெரியும்!

மனைவியின் குரல் கேட்டுத் திரும்பி ஓடிவந்த அப்பா அதைப் பார்த்தார். அவர் விரல் மேலே எழுந்தது. அன்று அது போய் அமர்ந்தது அவர் உதட்டில். அதற்குப் பிறகு அந்த விரல் எங்கள் வீட்டில் எவர் பேச்சையும் தடுக்கவில்லை.

அந்த ஊமைதான் இன்று மலையாள மண்ணின் பெண்களுக்கு மலையாளம் சொல்லித் தருகிறாள்! அந்த ஊமைதான் இன்று தமிழ் மேடையில் தமிழ் முழங்குகிறாள்! எங்கே போயிற்று குழப்பம்? எங்கே போயிற்று பிணைந்த நாக்கு? இரண்டு பாஷையில் அழவும், இரண்டு பாஷையில் சிரிக்கவும், இரண்டு பாஷையில் சண்டை போடவும் தெரிந்தவள் நான். அதில் எனக்குக் கர்வம் உண்டு. குறைத்துக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

சிவதாணு அண்ணா! சபை மரியாதை மன்னிக்கட்டும், உங்களை அண்ணா என்றே அழைக்கிறேன். உங்கள் மகள் எப்போது பேசுவாள் என்று எனக்குத் தெரியாது. மருத்துவரிடம் காட்டுங்கள், வேண்டிக்கொள்ளுங்கள், எல்லாம் செய்யுங்கள். ஆனால் அவள் பேசும் நாளில் பதில் சொல்ல ஒரு தாய் வேண்டாமா? அந்தத் தாயின் வாயை இன்றே பூட்டலாமா? நீங்கள் மலையாளத்தில் கொஞ்சுங்கள். அண்ணி தமிழில் கொஞ்சட்டும்.

ஆகவே தலைவர் அவர்களே, என் திருத்தத்தை முன்மொழிகிறேன்: 'நம் வீடுகளில் அவரவர் நெஞ்சுக்கு நெருங்கிய பாஷையில் அவரவர் குழந்தையோடு பேசுவோம், எவர் வாயையும் எவரும் மூட வேண்டாம்.' வழிமொழிய யாரேனும் உண்டா?

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கை எழுகிறது. தலைவர் மணியைக் கீழே வைத்துவிட்டார். எழுந்து நிற்கும் அம்மையார் என்ன சொல்கிறார்? கேட்டீர்களா? "ஞான் பிந்தாங்ஙுந்நு!" என்கிறார். சரசம்மாவோடு இத்தனை வருஷம் சுவர் ஓரம் நின்று பேசிய பலன்! அதோ, தமிழிலும் சொல்கிறார்: "வழிமொழியறேன். போறுமா?"

போறும், என்னைப் பெற்ற அம்மா, போறும்! தலைவர் அவர்களே, வழிமொழிந்தவரின் பெயரைச் சபையறியத் தாங்களே உரக்கச் சொல்லுங்கள். பொறுமையோடு கேட்ட உங்கள் எல்லோருக்கும் இரு பாஷையிலும் நன்றி கூறி, அவர் அந்தப் பெயரைச் சொல்லக் கேட்கும் ஆசையோடு அமர்கிறேன். வணக்கம்! நமஸ்காரம்!